ஐந்து மணி நேர மின்தடையும் ஐந்து நாள் இருட்டும்: வீட்டுக்கு மாற்று மின்சாரம் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் பகுதியில் இன்வெர்ட்டர் இருந்த வீடுகளிலும் இல்லாத வீடுகளிலும் இரண்டாம் நாள் இரவு ஒரே இருட்டுதான் இருந்தது. உள்ளே இருந்த கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் எங்களை வாட்டியது விளக்கு இல்லாத குறையன்று; மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லாமல் போனதுதான். வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டு வந்து தெருத்தெருவாகத் தொட்டி நிரப்பினார்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி, பிற்பகலில் கொடுக்கப்படும் மின்தடை ஒரு வகை. புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு நாட்கணக்கில் நீளும் மின்தடை வேறு வகை. முதலாவதற்கு ஓர் இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் போதும். இரண்டாவதற்கு எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கினாலும் அது மட்டும் போதாது. அதை மறுபடி நிரப்புவதற்கு ஒரு வழி வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவைக்கு மிஞ்சிய விலையில் பொருளை வாங்கியும் அவசர நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் கணக்கு

மின்சாரம் இல்லாத நேரத்தில் எவை ஓடியே ஆக வேண்டும் என்று எழுதுங்கள். ஓடினால் நல்லது என்று தோன்றுபவற்றைத் தனியே எழுதுங்கள். பழைய வகை சீலிங் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற மின்சிக்கனப் புதுவகை ஃபேன் 28 முதல் 35 வாட்டுக்குள் முடித்துவிடும். எல்.இ.டி. பல்பு 9 வாட், எல்.இ.டி. டியூப்லைட் 20 வாட், வைஃபை ரூட்டர் சுமார் 10 வாட், நடுத்தர அளவுள்ள தொலைக்காட்சி 80 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். மிக்சி 500 முதல் 750 வாட். இஸ்திரிப் பெட்டி 1000 வாட். வாட்டர் ஹீட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் 2000 வாட் வரை போகும். சூடாக்கும் கருவி எதையும் வீட்டு இன்வெர்ட்டரோடு சேர்க்கவே கூடாது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

ஓர் உதாரணம். மூன்று பழைய ஃபேன், ஐந்து பல்பு, ஒரு டியூப்லைட், ரூட்டர், தொலைக்காட்சி, இரண்டு செல்போன் சார்ஜர் ஆகிய எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 400 வாட். சந்தையில் மிகுதியாக விற்கும் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியில், பன்னிரண்டை நூற்றைம்பதால் பெருக்கினால், 1800 வாட்-மணி இருப்பதாகக் கணக்கு. ஆனால் அதை அடிவரை வற்ற விட்டால் ஆயுள் குறையும். நான்கில் மூன்று பங்கைச் சற்றுத் தாண்டி, அதாவது 80 விழுக்காடு வரை, பயன்படுத்துவதாகக் கொள்ளுங்கள். பேட்டரியின் நேர்மின்சாரம் (டி.சி.) வீட்டுக்கு வேண்டிய மாறுமின்சாரமாக (ஏ.சி.) மாறும்போது ஐந்தில் ஒரு பங்கு இழப்பாகும். கடைசியில் கையில் நிற்பது சுமார் 1150 வாட்-மணிதான். அதை 400ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடையில் "ஆறு மணி நேரம் தாங்கும்" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பாதிச் சுமைக்கான கணக்கு. மேலும், பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் 150 ஏ.ஹெச். என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

இப்போது அந்த மூன்று ஃபேன்களை மட்டும் பி.எல்.டி.சி. ஆக மாற்றிப் பாருங்கள். சுமை 265 வாட்டாக இறங்குகிறது. அதே பேட்டரி நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. இரவில் இரண்டு ஃபேன், ஒரு விடிவிளக்கு, ரூட்டர் மட்டும் ஓடினால், இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் 15 வாட்டையும் சேர்த்து, 90 வாட்தான் ஆகிறது. அப்போது பன்னிரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம். எனவே நான் எப்போதும் சொல்வது இதுதான்: இரண்டாவது பேட்டரிக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன், அந்தப் பணத்தில் ஃபேன்களை மாற்றுங்கள். பேட்டரிக்குச் சில ஆண்டுகளில் மறுபடி செலவு வரும். மாற்றிய ஃபேன் மின்கட்டணத்தையும் மாதந்தோறும் குறைத்துக்கொண்டிருக்கும்.

இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தேர்ந்தெடுத்தல்

இன்வெர்ட்டரின் திறன் வாட்டில் அன்றி வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்ற அளவில் குறிக்கப்பட்டிருக்கும். வீட்டு இன்வெர்ட்டர்களில் அந்த எண்ணில் 70 முதல் 80 விழுக்காடுதான் வாட்டாகக் கிடைக்கும். 400 வாட் சுமைக்குக் கால் பங்கு கூடுதலாக இடம் விட்டால், 700 முதல் 900 வி.ஏ. வரையுள்ள ஒன்று பொருந்தும். சதுர அலை வகை விலை குறைவு. ஆனால் அதில் ஃபேன் உறுமும், சில மின்னணுக் கருவிகள் தொல்லை கொடுக்கும். சைன் அலை வகையையே வாங்குங்கள்.

பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ். என்ற நிலையில் வைத்தால், வரும் மின்னழுத்தம் ஏறக்குறைய 180 முதல் 260 வோல்ட்டுக்குள் இருக்கும்வரைதான் அது லைன் மின்சாரத்தை, அதாவது மின்வாரியத்திலிருந்து வருவதை, ஏற்கும். தடைபட்டால் கணினி அணைந்துபோகாத வேகத்தில் பேட்டரிக்கு மாறும். இன்னொரு நிலையில் 100 வோல்ட் அளவுக்குத் தாழ்ந்தாலும் ஏற்றுக்கொள்ளும். மாறுவதும் சற்று மெதுவாகவே நடக்கும். குறைந்த மின்னழுத்தம் அடிக்கடி வரும் கிராமப் பகுதிகளில் யு.பி.எஸ். நிலையில் விட்டுவிட்டால், மின்சாரம் இருக்கும்போதே பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். கரண்ட் போகாமலேயே பேட்டரி தீர்கிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இந்தச் சுவிட்ச்தான் காரணம்.

பேட்டரியில் இன்று இரண்டு பாதைகள் உள்ளன. ஈய-அமில டியூபுலர் பேட்டரி விலை மலிவு, எங்கும் பழுது பார்க்கலாம், பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும், 50 கிலோவுக்கு மேல் எடை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல். தண்ணீர் வேண்டாம், எடை குறைவு, வேகமாகச் சார்ஜ் ஏறும், ஈய-அமில வகையைவிடப் பல மடங்கு முறை ஏற்றி இறக்கலாம். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டர் லித்தியத்துக்கான சார்ஜ் முறையைக் கொண்டதா என்று உறுதி செய்யாமல் பேட்டரியை மட்டும் மாற்றக் கூடாது. அன்றாடம் மின்தடை உள்ள வீட்டுக்கு லித்தியம் தன் விலையை ஈடுகட்டும். மாதம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்கு நல்ல டியூபுலர் பேட்டரியே போதும் என்பது என் கருத்து.

சார்ஜ் ஏறும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரிக்கு 15 ஆம்பியர் கொடுத்தாலும், வற்றிய நிலையிலிருந்து நிரம்பப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். காலையில் நான்கு மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் கரண்ட் போகும் ஊரில், மாலைத் தடைக்குப் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்காது.

வைக்கும் இடமும் ஒயரிங்கும்

ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது எளிதில் தீப்பற்றும். பூஜை அறை, சமையல் அறை, காற்றோட்டமில்லாத அலமாரி, படுக்கையறை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தாழ்வான பகுதியில் வீடு இருந்தால், இதுவரை தண்ணீர் ஏறிய உயரத்தைக் கேட்டறிந்து, அதற்கு மேலே, எடையைத் தாங்கும் உறுதியான செங்கல் மேடையோ இரும்பு நிலைச்சட்டமோ அமைத்து அதன் மேல் வையுங்கள்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும் அருகருகே இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 600 வாட் எடுத்தால் 50 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஒயரை நீட்டினால் வழியிலேயே மின்னழுத்தம் குறையும், ஒயர் சூடேறும். இன்வெர்ட்டரோடு வரும் தடித்த ஒயரை ஒட்டுப்போட்டு நீட்டாமல், தேவைப்பட்டால் வீட்டுப் பக்கத்து 230 வோல்ட் ஒயரை நீட்டிக்கொள்ளுங்கள்.

அனுபவமுள்ள, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே ஒயரிங் செய்ய வேண்டும். ஆனால் எதைச் செய்யச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஃபேன், விளக்கு ஆகியவற்றுக்கான சர்க்யூட்டுகளைத் தனியே பிரித்து, அவற்றுக்கென்று தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து, இன்வெர்ட்டரின் வெளியீட்டிலிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். பவர் பிளக்குகள் இந்தப் பக்கம் வரவே கூடாது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் இன்வெர்ட்டர் சுமைகள் எல்லாம் அந்த ஒரே வெளியீட்டில்தான் இருக்க வேண்டும். ஏதாவது ஓர் அறையின் விளக்கு தவறுதலாக வேறொரு ஃபேஸோடும் (மின்சாரம் வரும் முனையோடும்) தொடர்பில் இருந்துவிட்டால், லைன் மின்சாரம் பின்வழியாக நுழைந்து இன்வெர்ட்டரை எரித்துவிடும்.

மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஒயரில்தான் பெரும்பாலான குளறுபடிகள் நிகழ்கின்றன. ஃபேஸை மட்டும் இன்வெர்ட்டருக்கு மாற்றிவிட்டு, நியூட்ரலைப் பழைய பொது இடத்திலேயே விட்டுவிடுவது நம் ஊரில் வழக்கம். வீட்டில் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் துண்டிப்பான் இருந்தால், போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமில்லை என்று அது உணர்ந்து அடிக்கடி விழும். எங்கள் உறவினர் வீட்டில் இப்படி விழுந்துகொண்டிருந்ததைச் சரிசெய்ய வந்தவர், நியூட்ரலைப் பிரிக்காமல் ஆர்.சி.சி.பி.யையே நீக்கிவிட்டுப் போனார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்து உயிரைக் காக்கும் கருவி அது. தயவுசெய்து அதைக் கழற்ற யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். இன்வெர்ட்டர் சர்க்யூட்டுகளுக்கு நியூட்ரலைத் தனியே இழுப்பதுதான் முறை. வேலை முடிந்ததும், எந்த எம்.சி.பி. எதற்கு என்று பெட்டியின் மூடியில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

நாட்கணக்கில் நீளும் தடைக்கு

இங்கே வழிகள் இரண்டு: ஜெனரேட்டர், சூரிய மின்தகடு.

ஜெனரேட்டர் வாங்குவதென்றால் அதன் முதல் வேலை தண்ணீர் மோட்டார் என்று எண்ணி அளவைத் தீர்மானியுங்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 1000 வாட் அளவே எடுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இழுக்கும். எனவே 3 கே.வி.ஏ. (3000 வி.ஏ.) அளவுக்குக் குறைந்தது பொருந்தாது. இந்த அளவு பெட்ரோல் ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். புயலுக்குப் பிறகு பெட்ரோல் பங்கிலும் கரண்ட் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே நாள் முழுதும் ஓட்டுவது நடக்காது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வரையறுத்து, அந்த நேரத்தில் முதலில் மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்புங்கள். தொட்டி நிரம்பிய பிறகு குளிர்சாதனப் பெட்டி, மாவு அரைத்தல், செல்போன், இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவற்றை இணையுங்கள். சில இன்வெர்ட்டர்கள் ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கமுள்ள மின்சாரத்தை யு.பி.எஸ். நிலையில் ஏற்காது, முன்பு சொன்ன சுவிட்சை மறுபக்கம் தள்ளினால் ஏற்கும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் டியூபுலர் பேட்டரியில் ஏறுவது ஐந்தில் ஒரு பங்குதான். இரவில் இரண்டு பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று மணி நேரம் ஓட அது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஜெனரேட்டரால் உயிர் போவது இரண்டு வழிகளில். ஒன்று, கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத அந்தப் புகை, தூங்குகிறவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். மழை பெய்கிறதே என்று ஜெனரேட்டரைத் திண்ணையிலோ, கார் நிறுத்துமிடத்திலோ, மாடிப்படிக்கு அடியிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். கதவு, சன்னல்களிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை வாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வெளியே வைக்க வேண்டும். மழை கொட்டும்போது ஓட்டவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதோ சூடு ஆறுவதற்கு முன்போ பெட்ரோல் ஊற்றவும் கூடாது.

மற்றொன்று, பின்னோட்டம். இரு முனைகளிலும் பிளக் பொருத்திய ஒயரால் ஜெனரேட்டரை வீட்டின் ஒரு பிளக்கில் சொருகிவிடுகிறார்கள். அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போய், மின்மாற்றியில் தலைகீழாக ஏறி, உயர் அழுத்தமாக மாறுகிறது. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியரின் கையில் அது பாய்கிறது. கஜாவுக்குப் பிறகு எத்தனையோ மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்: லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் இணைக்காதீர்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையாக அது இருக்க வேண்டும். அது இல்லையென்றால், மோட்டாரை நேரடியாக ஜெனரேட்டரின் பிளக்கில் தகுந்த தடிமனுள்ள ஒயரால் இணைத்து ஓட்டுங்கள்.

சூரிய மின்சாரத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் கூரைதோறும் தகடுகள் ஏறிவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பேட்டரி இல்லாமல் லைனோடு இணைந்து ஓடும் வகை. அந்த வகை, லைனில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். மேலே சொன்ன பின்னோட்ட ஆபத்தைத் தவிர்க்கவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் கூரை மேல் 3 கிலோவாட் இருந்தும் கீழே ஒரு ஃபேன் ஓடாது. மின்தடைக்கும் பயன்பட வேண்டுமென்றால், பேட்டரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு, இருக்கும் பேட்டரியோடு சிறிய அளவில் தகடு சேர்ப்பது நல்ல வழி. 12 வோல்ட் பேட்டரிக்கு உகந்த, 165 வாட் அளவுள்ள இரண்டு தகடுகளும் பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தை அளவோடு வைக்கும் ஒரு சார்ஜ் கட்டுப்படுத்தியும் சேர்த்தால், தெளிந்த வெயில் நாளில் ஏறக்குறைய ஒரு யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். ஃபேன், விளக்கு, செல்போன் ஆகியவற்றுக்கு அது நாள்தோறும் போதும். புயலை ஒட்டிய ஓரிரு நாள் மேகமூட்டத்தில் கிடைப்பது மிகக் குறைவு. புயல் எச்சரிக்கை வந்தால், கழற்றக் கூடிய தகடுகளை முன்கூட்டியே கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

நோயாளிகள் உள்ள வீடு

ஐந்து லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி 300 வாட்டுக்கு மேல் எடுக்கும். ஒரு பேட்டரியில் மூன்று மணி நேரம்கூட உறுதியில்லை. இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற தைரியத்தில் இராமல், மருத்துவரிடம் பேசி ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைக் கையிருப்பில் வைத்தே ஆக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும், மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கு நோயாளியை மாற்றுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. பயன்படுத்தத் தொடங்கிய பலவகை இன்சுலின்கள் அதிக வெப்பமில்லாத அறையில் நான்கு வாரம் வரை கெடாமல் இருக்கும். எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பது அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும். ஒரு பெரிய மண்பானையில் ஈர மணல் நிரப்பி, அதனுள் சிறு மண்கலயம் வைத்து, மருந்தை நனையாமல் அதில் மூடி வைத்தால் அறையைவிடக் குளுமையாக இருக்கும். பனிக்கட்டியோடு ஒட்ட வைத்து இன்சுலினை உறையவிட்டால் அது பயனற்றுப் போகும்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் இருந்தால் உள்ளேயிருக்கும் உணவு நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர், மூடியபடியே இருந்தால், இரண்டு நாள் வரை உறைநிலையைக் காக்கும்.

பராமரிப்பும் ஒத்திகையும்

டியூபுலர் பேட்டரியில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவைக் குறிகளை மாதம் ஒருமுறை பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், மழைத்தண்ணீர் எதுவும் ஆகாது. அமிலத்தை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குறியின் மேல் எல்லைக்கு மேல் ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது அமிலம் பொங்கி வழியும். கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவித் துடைக்கலாம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுச் சுடுதண்ணீரால் துடைத்து, வாசலின் தடவுங்கள். பேட்டரி கையை வைக்க முடியாமல் சுட்டாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, வழக்கத்தைவிட விரைவில் தண்ணீர் வற்றினாலோ அது முடியும் தறுவாயில் இருக்கிறது என்று பொருள். சார்ஜை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரை அழையுங்கள். பழைய பேட்டரியில் ஈயம் இருப்பதால் அதைக் குப்பையிலோ தெரு வியாபாரியிடமோ போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியில் ஒரு மாலை, மெயின் சுவிட்சை நீங்களே அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் இன்வெர்ட்டரில் மட்டும் வீட்டை ஓட்டிப் பாருங்கள். பேட்டரி இளைத்திருந்தால் அன்றே தெரிந்துவிடும். புயல் இரவில் தெரிவதைவிட அது நல்லது. ஜெனரேட்டர் இருந்தால் அதையும் அன்று கால் மணி நேரம் சுமையோடு ஓட்டுங்கள். பல மாதம் தேங்கிய பெட்ரோல் இருந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாக வயதில் மூத்தவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மெயின் சுவிட்ச் எது, அதை எப்படி அணைப்பது என்று தொட்டுக் காட்டுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்த நாளில் தொட்டியை நிரப்பி, குடிநீரைத் தனியே பிடித்து, செல்போன், பவர் பேங்க், அவசர விளக்கு எல்லாவற்றையும் சார்ஜில் போட்டுவிடுங்கள். செல்போன் கோபுரங்களும் ஓரிரு நாளில் ஓயக்கூடும் என்பதால், பேட்டரியில் பாடும் சிறிய எஃப்.எம். வானொலி ஒன்று இருக்கட்டும். மெழுகுவத்தியைவிடச் சார்ஜ் விளக்கே பாதுகாப்பு. வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால், கால் நனையாமல் எட்ட முடியும்போதே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும்; லைனில் கரண்ட் இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டர் வெளியீட்டில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் யாரையும் அருகில் விடாமல், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

மின்சாரம் திரும்பி வரும் முதல் சில நிமிடங்களில் மின்னழுத்தம் நிலையாக இராது. எங்காவது நியூட்ரல் விட்டிருந்தால் 230க்குப் பதிலாக 400 வோல்ட் வரைகூட வீட்டுக்குள் வரலாம். ஆகவே தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் ஆகியவற்றைத் தடைபட்ட நேரத்திலேயே அணைத்து வைத்து, மின்சாரம் வந்த பிறகு ஒரு விளக்கை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் அதன் ஒளியைக் கவனித்து, கூடாமல் குறையாமல் எரிந்தால் ஒவ்வொன்றாக இயக்குங்கள்.